மிச்சத் துணியில் குவில்ட் பிளாக்: பட்டைகளை முதலிலேயே அளவாக வெட்டி வைப்பதா, வந்தபடி தைப்பதா?

நூல்கண்டு

எல்லோருக்கும் வணக்கம். தைத்து மிஞ்சிய துணி இரண்டு பெரிய பை நிறையச் சேர்ந்துவிட்டது. பெரும்பாலும் பருத்தி. விரல் அகலப் பட்டையிலிருந்து உள்ளங்கை அகலத் துண்டு வரை எல்லாம் இருக்கிறது. நீளமும் ஒன்றுபோல் இல்லை. ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் கூம்பியும் வெட்டுப்பட்டவை நிறைய. இதில் ஒரு கட்டில் போர்வை அளவுக்குக் குவில்ட், அதாவது துண்டுகளைச் சதுரச் சதுரமான பிளாக்குகளாகத் தைத்து ஒன்றாகச் சேர்க்கும் ஒட்டுப்போர்வை, தைக்க ஆசை. மெஷின் ஓட்ட நன்றாகத் தெரியும், குவில்ட்தான் புதிது.

கேள்வி இதுதான். முதலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒன்றரை, இரண்டு, இரண்டரை அங்குலப் பட்டைகளாக வெட்டி அடுக்கிவிட்டு ஆரம்பிப்பதா? இல்லை, கைக்கு வந்ததை எடுத்து அப்படியே தைத்துக்கொண்டு போவதா? கேட்டவர்கள் எல்லாரும் ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள்.

மூலைமட்டம்

வெட்டி வையுங்கள், யோசிக்கவே வேண்டாம். பட்டைகள் நிறைய இருந்தால் முதலில் கை வைக்க வேண்டியது லாக் கேபின் பிளாக். நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள், அவ்வளவுதான். ஆனால் பட்டையின் அகலம் சீராக இருந்தால்தான் பிளாக் சதுரமாக நிற்கும்.

கணக்கு சொல்கிறேன், எழுதி மெஷினுக்கு எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். நடுச் சதுரம் 2½ அங்குலம். பட்டைகள் எல்லாம் 1½ அங்குல அகலம். முதல் சுற்றுக்கு நீளம் 2½, 3½, 3½, 4½. இரண்டாவதுக்கு 4½, 5½, 5½, 6½. மூன்றாவதுக்கு 6½, 7½, 7½, 8½. முடிந்ததும் பிளாக் 8½ அங்குலம். நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விட்டால் குவில்டில் தெரிவது 8. குட்டைப் பட்டைகள் உள்ளே போகும், நெட்டையானவை வெளியே வரும். மிச்சத் துணிக்கு இதைவிடப் பொருத்தமான பிளாக் எனக்குத் தெரிந்து இல்லை.

அகலவாக்கில் 7, நீளவாக்கில் 10 என்று 70 பிளாக் வைத்தால் 56க்கு 80 அங்குலம் வரும். ஒரு பிளாக்குக்கு 66 அங்குலம் பட்டை வேண்டும். எழுபதுக்கும் சேர்த்தால் 4,620 அங்குலம், அதாவது 117 மீட்டருக்கு மேல்! தைக்கிற நடுவில் எழுந்து எழுந்து வெட்டினால் இந்த வேலை முடியவே முடியாது.

பழைய ஊசி

மூலைமட்டம் சொல்வது கணக்குப்படி சரி. ஆனால் நூல்கண்டிடம் என்ன இருக்கிறது என்று இன்னொரு தடவை படியுங்கள்: விரல் அகலப் பட்டை, கூம்பலான துண்டு. அவற்றை ஒன்றரை அங்குலத்துக்குள் அடக்கப் பார்த்தால் நல்ல துணி தரையில்தான் கிடக்கும். விரல் அகலத்தை ஒன்றரை ஆக்க யாராலும் முடியாது.

உங்களுக்கு ஏற்றது ஸ்டிரிங் பிளாக். காகிதத்தின் மேலேயே வைத்துத் தைப்பது. மெல்லிய தாளை 6½ அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். முதல் பட்டையை நல்ல பக்கம் மேலே தெரியும்படி, மூலைக்கு மூலை குறுக்காக வையுங்கள். இரண்டு முனையும் தாளைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கட்டும். அடுத்த பட்டையை அதன் மேல் கவிழ்த்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, தாளோடு சேர்த்தே கால் அங்குலத்தில் ஒரு தையல். பட்டையைப் புரட்டி, தையல் மேல் நகத்தால் அழுத்தி ஒரு இழுப்பு. அப்புறம் இஸ்திரிப் பெட்டியை வைத்து ஓர் அமுக்கு. பிறகு அடுத்த பட்டை. ஒரு மூலை நிறைந்ததும் நடுவுக்குத் திரும்பி மறுபக்கம். கடைசியில் மொத்தத்தையும் கவிழ்த்துப் போட்டு, தாளின் ஓரம் பிடித்து நாலு பக்கமும் வெட்டிவிடுங்கள். உள்ளே எந்த அகலத்தில் பட்டை இருந்தாலும் வெளியே வருவது அச்சாக 6½.

கூம்பலான துண்டுகள் இதில் குறையே இல்லை. எல்லாப் பட்டையும் ஒரே சீராக ஓடினால் பிளாக் ஜமுக்காளம் மாதிரி ஆகிவிடும். நடுநடுவே ஒன்று சாய்ந்து ஓடினால்தான் கண்ணுக்கு வேலை. ஆனால் முக்கால் அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள். இரண்டு பக்கத் தையலுக்கும் அரை அங்குலம் போய்விடும், வெளியே கால் அங்குலம்தான் தெரியும்.

மெஷினில் இரண்டே மாற்றம்: தையல் நீளம் 1.5 மில்லிமீட்டர், ஊசி 14ஆம் நம்பர். துளைகள் நெருக்கமாகவும் கொஞ்சம் பெரிதாகவும் விழுந்தால் பிறகு தாள் சுலபமாகக் கிழியும்.

குட்டை இழை

அக்கா, செய்தித்தாள் போதுமா? வீட்டில் குவிந்து கிடக்கிறது.

பழைய ஊசி

வேண்டாம்மா. இஸ்திரிச் சூடு பட்டால் மை துணியில் இறங்கும், வெளிர் நிறத் துணி என்றால் பளிச்சென்று தெரியும். அச்சிடாத மெல்லிய தாள் எதுவும் ஆகும். ஏ4 தாளில் செய்வதானால் அதன் அகலம் எட்டேகால் அங்குலத்துக்குச் சற்று அதிகம், எனவே 8 அங்குலச் சதுரம் தாராளமாக எடுக்கலாம். கெட்டித் தாள் மட்டும் வேண்டாம், கிழிக்கும்போது தையலையும் இழுத்துக்கொண்டு வரும்.

இன்னொன்று. பிளாக்குகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து முடிக்கும் வரை தாளைக் கிழிக்காதீர்கள். பட்டைகள் குறுக்காக ஓடுவதால் பிளாக்கின் நாலு ஓரமும் பெரும்பாலும் கிராஸில், அதாவது துணியின் இழைக்குச் சாய்வாக, நிற்கும். தாளை எடுத்துவிட்டால் தொட்டாலே இழுபடும், 6½ என்று வெட்டியது மறுநாள் 6¾ ஆகத் தெரியும். முன்கூட்டியே கிழித்தே ஆக வேண்டும் என்றால் ஓரத்திலிருந்து அரைக்கால் அங்குலம் உள்ளே சுற்றிலும் ஒரு தையல் ஓட்டிவிட்டுக் கிழியுங்கள்.

ஓரத்தையல்

தாளுக்குப் பதில் பழைய மெல்லிய பருத்தித் துணியை அடியில் வைக்கலாமே. கிழிக்கிற வேலையே இல்லை, ஓரமும் இழுபடாது. போர்வை கொஞ்சம் கனக்கும், கையால் குவில்டிங் (அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் தையல்) போடுவதாக இருந்தால் ஊசி இறங்கக் கஷ்டப்படும். மெஷின் என்றால் தெரியாது. எனக்குத் தாள் கிழிப்பது பிடிக்காது, வீடு முழுக்கத் துகள்.

வானவில்தையல்

எல்லோரும் அகலத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். மிச்சத் துணிக் குவில்ட் கந்தல் மூட்டையாகத் தெரிவதற்கு அகலம் காரணமே இல்லை. வெளிச்சமும் இருட்டும் பிரியாததுதான் காரணம்.

லாக் கேபினில் ஒரு மூலையை ஒட்டிய இரண்டு பக்கமும் வெளிர் நிறம், எதிர் இரண்டு பக்கமும் அடர் நிறம். பிளாக் குறுக்காக இரண்டாகப் பிரிந்து தெரியும். அதைத் திருப்பித் திருப்பி அடுக்கினால் வைரங்கள் வரும், சாய்ந்த சால்கள் வரும், ஒன்றுக்குள் ஒன்றாக விரியும் பெரிய சதுரங்கள் வரும். எல்லாம் அதே பிளாக்தான். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை வந்துவிட்டதே என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. பச்சை வெளிரா அடரா என்பது மட்டும்தான் கேள்வி.

இதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள், நிறம் ஏமாற்றும். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு வேறு வேறாகத் தெரியும், ஆனால் வெளிரா அடரா என்று பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். துண்டுகளைத் தரையில் பரப்பிக் கைபேசியில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும். நடுவாந்தரமாக, இங்கேயும் அங்கேயும் சேராமல் நிற்பவை ஒரு குவியல் வரும். அவற்றை லாக் கேபினுக்கு எடுக்காதீர்கள், ஸ்டிரிங் பிளாக்குக்கு ஒதுக்கிவிடுங்கள்.

பெரிய பூப்போட்ட துணியைப் பட்டையாக வெட்டினால் பூ காணாமல் போய் நிறம் மட்டும் மிஞ்சும். அதைப் பூவாக நினைக்காமல் நிறமாக நினைத்துக் குவியலில் சேருங்கள்.

நூல்கண்டு

எல்லோருக்கும் நன்றி. இரண்டு விதத்திலும் மாதிரிக்குத் தைத்துப் பார்த்தேன். ஸ்டிரிங் பிளாக் அழகாக வந்துவிட்டது. லாக் கேபின்தான் புரியவில்லை. பட்டைகள் எல்லாம் ஸ்கேல் வைத்து வெட்டியவை, கால் அங்குலம் விட்டுத்தான் தைத்தேன். 8½ வர வேண்டியது 7¾ வருகிறது. முக்கால் அங்குலம் எங்கே போனது?

மூலைமட்டம்

முக்கால் அங்குலம் என்று சரியாகச் சொன்னதால் இடத்தையும் சரியாகச் சொல்ல முடிகிறது. உங்கள் தையல் ஒவ்வொன்றும் 1/16 அங்குலம் உள்ளே தள்ளி விழுகிறது. ஒரு தையலில் இரண்டு துணி சேர்கிறது, ஆகவே அங்கே போவது அரைக்கால் அங்குலம். பிளாக்கின் ஒரு ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரை எண்ணுங்கள்: மூன்று சுற்று என்பதால் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, ஆக ஆறு தையல். ஆறு அரைக்கால் முக்கால்.

கால் அங்குலம் என்று அளந்து தைத்தாலும் குறையும். தையலுக்குப் பிறகு துணி மடங்கித் திரும்புகிறதே, அந்த மடிப்பின் தடிமனுக்கும் ஒன்றிரண்டு இழை வேண்டும். அதனால் குவில்ட் தைப்பவர்கள் கால் அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவாகத்தான் தைப்பார்கள்.

சோதித்துப் பார்க்க வழி உண்டு. 1½ அங்குல அகலம், 3½ அங்குல நீளம் உள்ள மூன்று பட்டைகளை நீளவாக்கில் சேர்த்துத் தையுங்கள். இஸ்திரி போட்ட பிறகு மொத்த அகலம் 3½ இருக்க வேண்டும், நடுப் பட்டை ஒரு அங்குலம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஊசியை ஒரு புள்ளி நகர்த்துங்கள். ஊசி நகராத மெஷின் என்றால் ஊசித் தட்டின் மேல் ஒட்டுநாடா ஒன்றை ஒட்டி, அதையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். சோதனையில் சரியாக வரும் வரை நாடாவை நகர்த்துங்கள். வந்த பிறகு தொடவே தொடாதீர்கள்.

பழைய ஊசி

மூலைமட்டம் சொன்னதோடு இஸ்திரியையும் பாருங்கள். சட்டைக்குப் போடுவது போல இப்படியும் அப்படியும் தேய்த்தால் பட்டை வில்லாக வளையும். தூக்கி வைத்து அமுக்க வேண்டும், மறுபடி தூக்க வேண்டும். தையலை ஒவ்வொரு சுற்றிலும் நடுச் சதுரத்துக்கு எதிர்ப்பக்கமாக, வெளியே பார்த்துப் படியவையுங்கள்.

பட்டையைக் கையால் இழுத்துப் பார்க்கவும் வேண்டும். பாவு (நீளவாக்கு இழை) ஓடும் திசையில் வெட்டியது அசையாது. ஊடை (அகலவாக்கு இழை) திசையில் வெட்டியது லேசாகக் கொடுக்கும். கிராஸில் வெட்டியது ரப்பராக நீளும். மிச்சத் துணியில் மூன்றும் கலந்துதான் இருக்கும். கிராஸ் பட்டைகளை லாக் கேபினில் நுழைக்காதீர்கள். தாள் மேல் தைத்தால் தாள் பிடித்துக்கொள்ளும், பிரச்சினை இல்லை.

பாபின் பெட்டி

பெரும்பாலும் பருத்தி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் "பெரும்பாலும்"தான் என்னைப் பயமுறுத்துகிறது. பாலியெஸ்டர் கலந்திருந்தால் பருத்திக்கு வைக்கும் சூட்டில் பளபளத்துச் சுருங்கும். சந்தேகமான துண்டிலிருந்து நாலு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். இரண்டும் கலந்த துணி என்றால் இரண்டும் நடக்கும்.

சாயம் இன்னும் முக்கியம். கருஞ்சிவப்பு, கருநீலம், கறுப்பு இவற்றை ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் இறங்கினால் அந்தத் துண்டைத் தனியாக அலசி எடுத்து மறுபடி தேய்த்துப் பாருங்கள். மூன்றாம் முறையும் விட்டால் அது குவில்டுக்கு ஆகாது. எழுபது பிளாக் தைத்த பிறகு முதல் சலவையில் ஒரே ஒரு சிவப்புப் பட்டை சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் ரோஸாக்கிவிடும். சின்னத் துண்டுகளை மெஷினில் சும்மா போட்டால் பிசிறு பிரிந்து கயிறாகத் திரும்பி வரும். வலைப்பையில் போடுங்கள், இல்லையென்றால் வாளியில் ஊறவைத்துக் கையால் அலசுங்கள்.

பட்டு, டி-ஷர்ட் துணி இருந்தால் பின்பக்கம் சூட்டில் ஒட்டும் மெல்லிய கேன்வாஸ் கொடுத்துவிட்டுப் பட்டையாக வெட்டுங்கள். ஆனால் அதற்குப் பதில் அவற்றை ஒரு தனிக் குவில்டுக்கு எடுத்து வைப்பதுதான் நல்லது என்பேன். ஒரே போர்வையில் மூன்று விதமாகச் சுருங்கும் துணிகள் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஓரத்தையல்

நூல்கண்டின் முதல் கேள்விக்கு வருகிறேன். அளவாக வெட்டி வைத்தால்தான் நேர்த்தி என்று இங்கே ஒரு தொனி இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமாவில் ஆற்று வளைவுக்குள் இருக்கும் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தைத்த குவில்ட்களைப் பாருங்கள். நைந்த வேலை உடுப்புகள், டெனிம், சியர்ஸ் கடைகளுக்குத் தலையணை உறை தைத்ததில் மிஞ்சிய கார்டுராய், இவைதான் அவர்களுக்குக் கிடைத்த துணி. ஹவுஸ்டாப் என்று அவர்கள் சொல்லும் பிளாக் லாக் கேபினின் நெருங்கிய உறவு. ஒரு பட்டை அகலம், அடுத்தது குறுகல், மூலை கொஞ்சம் சாய்வு. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவற்றைக் கண்காட்சியாக வைத்தது, பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்குப் போனது. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. அந்தப் பட்டைகளை எல்லாம் ஒன்றரை அங்குலமாக வெட்டியிருந்தால் இன்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

மூலைமட்டம்

நான் மறுக்கவில்லை ஓரத்தையல். ஆனால் அளவில்லாமல் தைத்து அப்படித் தட்டையாக விழவைக்க வேண்டுமானால் கை நன்றாகப் பழகியிருக்க வேண்டும். குவில்ட் புதிது என்று சொல்பவரிடம் மூலை சாய்ந்தால் பரவாயில்லை என்று சொன்னால், பத்தாவது பிளாக்கில் நடுப்பகுதி குடையாக எழும்பி நிற்கும். அதை எந்த இஸ்திரியாலும் படியவைக்க முடியாது.

என் பேச்சைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். ஏற்கெனவே ஒன்றரைக்கு மேல் நேராக இருக்கிற பருத்திப் பட்டைகளை மட்டும் ஒன்றரையாக வெட்டி ஒரு பெட்டியில் போடுங்கள். உள்ளங்கை அளவுத் துண்டுகளில் 2½ சதுரம் எடுங்கள், நடுவுக்கு ஆகும். கூம்பல், குறுகல், கிராஸ் எல்லாவற்றையும் வெட்டாமல் அப்படியே இன்னொரு பெட்டியில் வையுங்கள், அது பழைய ஊசியின் பெட்டி.

பழைய ஊசி

:) இதற்குத்தான் இவ்வளவு நேரம்.

நூல்கண்டு

பிரித்துப் பார்த்தேன். ஒன்றரை அங்குலப் பெட்டி கால்வாசிகூட நிறையவில்லை, மற்றது வழிகிறது. ஆக இந்தப் போர்வை ஸ்டிரிங் பிளாக்தான். 6 அங்குலத்தில் அகலவாக்கில் 10, நீளவாக்கில் 13 வைக்கலாம் என்று நினைக்கிறேன், 60க்கு 78 வரும். நடுப் பட்டை எல்லாப் பிளாக்கிலும் ஒரே நிறமாக இருந்தால் நன்றாக இருக்குமா? அதற்கு மட்டும் புதுத் துணி வாங்கலாம்.

வானவில்தையல்

நன்றாக இருக்குமா என்று கேட்கவே வேண்டாம், அதைச் செய்தே ஆகுங்கள். உங்கள் துணியில் வெளிர் அடர் பிரிவு இல்லையென்றால் போர்வையைச் சேர்த்துக் கட்டப்போவது அந்த நடுப் பட்டைதான். பிளாக்குகளைத் திருப்பித் திருப்பி அடுக்கும்போது நடுப் பட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வைர வலையாக ஓடும், உள்ளே என்ன கலவரம் நடந்தாலும் கண் அந்த வலையைப் பிடித்துக்கொள்ளும். பையில் அதிகமாக இல்லாத நிறமாகப் பாருங்கள்.

ஆனால் 13 வேண்டாம். நாலு பிளாக் சேர்ந்தால்தான் ஒரு வைரம். ஒற்றைப்படையில் நிறுத்தினால் கடைசி வரிசையில் வைரம் பாதியில் அறுந்து நிற்கும். 10க்கு 12 என்றால் 60க்கு 72, 10க்கு 14 என்றால் 60க்கு 84.

மூலைமட்டம்

துணிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 6½ சதுரத்தின் மூலைவிட்டம் ஒன்பதேகாலுக்குச் சற்றுக் குறைவு. நீட்டிக்கொள்ள இடம் விட்டு 10 அங்குலமாக வெட்டுங்கள், அகலம் 1½. 44 அங்குல அகலத் துணியில் ஒரு வரிசைக்கு நாலு பட்டை கிடைக்கும். 120 பிளாக்குக்கு 30 வரிசை, அதாவது 45 அங்குலம். ஒன்றேகால் மீட்டர் வாங்கினால் போதும். 140 என்றால் ஒன்றரை மீட்டர்.

தாளில் மூலைக்கு மூலை பென்சில் கோடு போட்டு, பட்டையை நீளவாக்கில் மடித்து நடுவில் தடம் ஏற்றி, தடம் கோட்டின் மேல் உட்காரும்படி ஒட்டுப்பசையால் லேசாக ஒட்டுங்கள். அது கொஞ்சம் நகர்ந்தாலும் நாலு பிளாக் சந்திக்கும் இடத்தில் வலை உடையும்.

குட்டை இழை

முக்கால் அங்குலத்துக்கும் குறைவாக ஒரு பிடி மிஞ்சுமே, அதை என்ன செய்வது அக்கா?

பழைய ஊசி

குண்டூசி மெத்தைக்குள் திணித்துக்கொள், இல்லை தூக்கிப் போடு. எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நூல்கண்டு, பிளாக்குகளைச் சேர்க்கும்போது தையல் நீளத்தை 2.5க்கு மாற்ற மறக்காதீர்கள். நாலு பிளாக் கூடும் இடத்தில் தாளும் துணியுமாகத் தடிக்கும். தையலுக்குள் சிக்கிய தாளை மட்டும் முதலில் கிழித்து எடுத்துவிட்டு, தையலை ஒரு பக்கம் சாய்க்காமல் இரண்டு பக்கமும் விரித்து அமுக்குங்கள். மீதித் தாள் மொத்த மேல்துணியும் சேர்ந்த பிறகு.